போன பல்லுக்குப் புதுப் பல்

1. பல் போனால்...

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி.

சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது. சிரிப்பும் போகிறது.

செல்லம்மாவுக்கு வயது 54. ஊர் கோலார் தங்கவயல். அது கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. செல்லம்மாவின் கணவர் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. கணவரும் இப்போது இல்லை.

மகள் விமலா பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியும் முன் எழுந்து ரயில் பிடிக்கிறாள். இரவுதான் வீடு திரும்புகிறாள்.

செல்லம்மாவுக்குக் கீழே இடது பக்கத்தில் கடைசி மூன்று கடைவாய்ப் பற்கள் இல்லை. சொத்தை வந்தது. வலி தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். அப்போது நிம்மதியாக இருந்தது. பிறகுதான் தொல்லை தெரிந்தது.

வேர்க்கடலை மெல்ல முடியவில்லை. கறித்துண்டு மெல்ல முடியவில்லை. கீரைத்தண்டு கூடத் தொல்லை கொடுத்தது. களி மட்டும் சிரமம் இல்லை. அதை உருட்டி விழுங்கிவிடலாம். அதனால் மூன்று வேளையும் களியும் கஞ்சியும்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே கூச்சப்பட்டார்.

எல்லாவற்றையும் வலது பக்கத்திலேயே மென்றார். இப்போது அந்தப் பக்கப் பற்களும் கூசின.

“என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே?” என்று விமலா கேட்டாள்.

“வயசாச்சுல்ல” என்றார் செல்லம்மா.

வயது காரணம் இல்லை. பல்தான் காரணம்.

2. விளம்பரத் தாள்

ஒரு நாள் விமலா ரயிலில் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தாள். ‘ஒரே நாளில் புதிய பல். ஆயுள் முழுவதும் கவலை இல்லை’ என்று அதில் அச்சடித்திருந்தது.

மறுவாரம் இருவரும் அந்தத் தனியார் பல் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் செல்லம்மாவின் வாயை ஒரு நிமிடம் பார்த்தார்.

“ரெண்டு பல்லு வெச்சா போதும். இம்பிளான்ட் போட்டுடலாம். பல்லுக்கு 30,000. நாளைக்கே வாங்க” என்றார். ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் விமலா சொன்னாள். “என் சங்கிலியை அடகு வெக்கலாம்மா. நீ நல்லாச் சாப்பிட்டா போதும்.”

செல்லம்மா பதில் சொல்லவில்லை. அந்தத் தாளை எடுத்தார். அவர் அறிவொளி வகுப்பில் படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்கள் நன்றாகத் தெரியும். தாளில் 30,000 என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

“இது என்னன்னு படி விமலா” என்றார்.

விமலா படித்தாள். முதல் வரியில் இருந்த 30,000 ரூபாய் எலும்பில் வைக்கும் திருகுக்கு மட்டும்தான். மேலே மாட்டும் பல்லுக்கு ஒவ்வொன்றுக்கும் 8,000 ரூபாய் தனி. ஸ்கேன் எடுக்க 2,500 ரூபாய் தனி.

செல்லம்மா சிலேட்டில் கணக்குப் போட்டார்.

திருகு இரண்டு: 60,000 ரூபாய்
மேல் பல் இரண்டு: 16,000 ரூபாய்
ஸ்கேன்: 2,500 ரூபாய்
மொத்தம்: 78,500 ரூபாய்

அடகுக் கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. அப்படியானால் மாதம் 1,570 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும்.

“இவ்வளவு பணம் போடறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துல கேட்டுப் பாக்கலாம்” என்றார் செல்லம்மா.

3. ஒரே பெஞ்சில் நான்கு பேர்

பெங்களூரில் உள்ள அரசுப் பல் மருத்துவமனைக்குத் தாயும் மகளும் போனார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே கூட்டம் அதிகம். அருகில் இருந்தவர்களோடு பேச்சு தொடங்கியது.

செல்லம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. பல் செட் போட்டிருந்தார். “மேல் செட் நல்லாப் பிடிக்குதும்மா. கீழ் செட்டுதான் பேசினாலே கழண்டு வருது” என்றார்.

அடுத்து 15 வயதுப் பையன் ஒருவன். கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் ஒன்று போய்விட்டது. அவன் வாயைக் கைக்குட்டையால் மூடியே இருந்தான்.

அதற்கு அடுத்து ஓர் ஆட்டோ ஓட்டுநர். கன்னத்தில் கை வைத்திருந்தார். “இந்தப் பல்லைப் பிடுங்கிட்டு வேற பல்லு கட்டிக்கலாம்னு வந்தேன்” என்றார்.

நான்கு பேரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான்கு பேருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

ஆட்டோ ஓட்டுநருக்கு டாக்டர் பல்லைப் பிடுங்கவே இல்லை. பல்லின் உள்ளே இருக்கும் நரம்புப் பகுதி மட்டும் கெட்டிருந்தது. அதைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் போடலாம் என்றார். இதற்கு வேர் சிகிச்சை என்று பெயர். ரூட் கெனால் என்றும் சொல்வார்கள். எந்தப் புதுப் பல்லும் சொந்தப் பல்லுக்கு ஈடு ஆகாது. காப்பாற்ற முடிந்த பல்லைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

பையனுக்கு இம்பிளான்ட் இப்போது கூடாது என்றார். அவனுக்குத் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சொந்தப் பல் தாடையோடு சேர்ந்து நகரும். திருகு நகராது. வைத்த இடத்திலேயே நிற்கும். நாளாக ஆக அந்தப் பல் மட்டும் உயரம் குறைந்து தெரியும். அதனால் வளர்ச்சி நிற்கும் வரை கழற்றி மாட்டும் ஒரு பல் போதும் என்றார்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். “விழுந்த பல் எங்கே?”

“தூக்கிப் போட்டுட்டோம்” என்றார் பையனின் அப்பா.

“போடாமல் இருந்திருக்கலாம். நிலைத்த பல் அடிபட்டு முழுசாக விழுந்தால் வேரைத் தொடாமல் எடுக்கணும். அழுக்கு இருந்தால் லேசாகக் கழுவலாம். தேய்க்கக் கூடாது. பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்தால், அதே பல்லைத் திரும்ப வைத்துப் பார்க்கலாம்” என்றார் டாக்டர்.

பெரியவருக்கு இம்பிளான்ட் உதவும் என்றார். எல்லாப் பல்லுக்கும் திருகு வைக்கத் தேவையில்லை. கீழ்த் தாடையின் முன் பக்கத்தில் இரண்டு திருகுகள் வைக்கலாம். அவற்றின் மேல் சட்டைப் பொத்தான் போன்ற பிடிப்பு இருக்கும். கீழ் செட்டை அதன் மேல் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவலாம்.

கடைசியாகச் செல்லம்மாவின் முறை வந்தது.

4. மூன்று வழிகள்

டாக்டரம்மா செல்லம்மாவின் வாயை நிதானமாகப் பார்த்தார். பல், ஈறு, நாக்கு, நாக்கின் அடிப்பக்கம், கன்னத்தின் உட்பக்கம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

“வெற்றிலையோடு புகையிலை போடுவீங்களாம்மா?”

செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டார். “ஆமாம் டாக்டர். சின்ன வயசுலேருந்து பழக்கம்.”

“சர்க்கரை இருக்கா?”

“தெரியாது. பாத்ததே இல்லை.”

டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். பிறகு போன பல்லுக்குப் பதிலாக வைக்கும் வழிகளை விளக்கினார்.

முதல் வழி: கழற்றி மாட்டும் பல் செட். ஒரு பல்லுக்கும் செய்யலாம். எல்லாப் பல்லுக்கும் செய்யலாம். செலவு குறைவு. எலும்பில் துளை போட வேண்டாம். ஆனால் முதலில் சில வாரங்கள் வாயில் ஏதோ இருப்பது போல் உறுத்தும். சொந்தப் பல் அளவுக்குக் கடித்து மெல்ல முடியாது. தினமும் கழற்றிக் கழுவ வேண்டும்.

இரண்டாம் வழி: பிரிட்ஜ். பிரிட்ஜ் என்றால் பாலம். போன பல்லுக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களை ராவி, அவற்றின் மேல் கேப் போடுவார்கள். நடுவில் புதுப் பல் தொங்கும். இது கழற்ற வராது. ஆனால் நல்ல பற்களையும் ராவ வேண்டியிருக்கும். பாலத்துக்கு இரண்டு கரையும் வேண்டும் அல்லவா? செல்லம்மாவுக்குப் பின் பக்கத்தில் பல்லே இல்லை. ஒரு கரை இல்லை. அதனால் அவருக்குப் பிரிட்ஜ் சரிவராது.

மூன்றாம் வழி: இம்பிளான்ட். தமிழில் பல் உள்வைப்பு என்று சொல்லலாம். இதில் பக்கத்துப் பற்களைத் தொட வேண்டாம். சொந்தப் பல் போல மெல்லலாம். ஆனால் செலவு அதிகம். காலமும் அதிகம். எல்லோருக்கும் உடனே பொருந்தாது.

“தெருவோரத்துல உக்காந்து ஒரு மணி நேரத்துல பல்லு கட்டறாங்களே?” என்று விமலா கேட்டாள்.

“அது நாலாவது வழி இல்லை. அது ஆபத்து” என்றார் டாக்டரம்மா. “பக்கத்துப் பல்லோடு பசை போட்டு ஒட்டிவிடுவாங்க. அதைக் கழற்றிக் கழுவ முடியாது. அடியில் சோறு தங்கும். ஈறு அழுகும். ஒரு பல்லைக் கட்டப் போய் மூணு பல்லை இழந்தவங்க இங்கே வர்றாங்க.”

5. எலும்பில் ஊன்றும் திருகு

நம் பல்லில் வெளியே தெரிவது ஒரு பகுதிதான். வேர் தாடை எலும்புக்குள் இருக்கிறது. பல்லைப் பிடுங்கினால் வேரும் போகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்து எலும்புக்கு வேலை இல்லை. அது மெல்ல மெல்லத் தேயும். முதல் ஆண்டில்தான் அதிகம் தேயும்.

இம்பிளான்ட் என்பது போன வேருக்குப் பதில் வைக்கும் திருகு. இதன் நீளம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். இது டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆனது. டைட்டானியம் துருப்பிடிக்காது. எடை குறைவு. உடம்பு இதை வெளியே தள்ளாது.

இன்னும் ஓர் அதிசயம் உண்டு. டைட்டானியத்தை எலும்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பிரோனமார்க் என்னும் மருத்துவ அறிஞர். 1952-ஆம் ஆண்டு அவர் வேறொரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினார். முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் அதை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றாகிவிட்டது.

‘இதைக் கொண்டு பல் வைக்கலாமே’ என்று அவர் யோசித்தார். பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். 1965-ஆம் ஆண்டு முதல் முறையாக ஒரு மனிதருக்கு இந்தத் திருகுகளை வைத்தார். அந்த மனிதர் 2006-ஆம் ஆண்டு இறந்தார். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் திருகுகள் அவர் வாயில் நின்றன.

இம்பிளான்டில் மூன்று பாகங்கள் உண்டு.

ஒன்று, எலும்புக்குள் இருக்கும் திருகு.
இரண்டு, திருகையும் பல்லையும் இணைக்கும் துண்டு.
மூன்று, மேலே தெரியும் பல்.

இதை எப்படி வைக்கிறார்கள்?

முதலில் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுப்பார்கள். எலும்பு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று அளப்பார்கள். கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. திருகு அதில் பட்டால் உதடு மரத்துப் போகலாம். மேல் தாடையில் பின் பற்களுக்கு மேலே காற்று அறை ஒன்று இருக்கிறது. திருகு அதற்குள் போகக் கூடாது. அதனால்தான் அளக்காமல் துளை போடக் கூடாது.

பிறகு மரத்துப் போகும் ஊசி போடுவார்கள். ஈறைக் கொஞ்சம் திறந்து, எலும்பில் மெதுவாகத் துளை போடுவார்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளை போடுவார்கள். சூடு ஏறினால் எலும்பு செத்துவிடும். துளையில் திருகை முடுக்கித் தையல் போடுவார்கள். சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும்.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். எலும்பு திருகைப் பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். நாற்று நட்ட மறுநாளே கதிர் அறுக்க முடியுமா? அதுபோலத்தான். எலும்பு பிடித்த பிறகு அளவு எடுத்து மேல் பல்லை மாட்டுவார்கள்.

“அப்போ ஒரே நாளில்னு போட்டிருந்தாங்களே?” என்றாள் விமலா.

“எலும்பு நல்லா கெட்டியா இருக்கும் சிலருக்குத் தற்காலிகப் பல்லை அன்றைக்கே மாட்டலாம். எல்லோருக்கும் இல்லை. பல்லை அன்றைக்கே மாட்டினாலும், எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்” என்றார் டாக்டரம்மா.

6. யார் பொறுத்திருக்க வேண்டும்?

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. செல்லம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 10.2 என்று இருந்தது. இது மிக அதிகம். அதுவரை செல்லம்மாவுக்கு இது தெரியாது. இளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

“நாளைக்கே திருகு வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று விமலா கேட்டாள். அவள் குரல் நடுங்கியது.

“புண் ஆற நாளாகும். சீழ் பிடிக்கலாம். எலும்பு திருகைப் பிடிக்காமலே போகலாம். பணமும் போகும்” என்றார் டாக்டரம்மா. “சர்க்கரை இருந்தால் இம்பிளான்ட் கூடாதுன்னு இல்லை. அதைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகு வைக்கலாம்.”

கீழே உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்:

சர்க்கரை நோய் உள்ளவர்கள்.
பீடி, சிகரெட் பிடிப்பவர்கள். புகை பிடித்தால் திருகு நிற்காமல் போவது அதிகம்.
புகையிலை, குட்கா போடுபவர்கள்.
எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள்.
தாடைப் பகுதியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள்.
இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள். இவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.
கர்ப்பிணிகள்.

டாக்டரம்மா புகையிலை பற்றியும் பேசினார். “உங்க கன்னத்தில் இப்போ புண் எதுவும் இல்லை. ஆனால் புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். வெறும் பாக்கும் கொண்டுவரும். வாயில் வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ வந்தால், இரண்டு வாரத்தில் ஆறாத புண் வந்தால், வாய் திறக்கச் சிரமமாக இருந்தால், வலி இல்லையென்று சும்மா இருக்காதீங்க. உடனே வந்து காட்டுங்க.”

7. செல்லம்மாவின் முடிவு

அன்று செல்லம்மாவுக்குச் செய்ய வேண்டியவை மூன்று என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். சர்க்கரைக்கு மருந்து. ஈறுகளைச் சுத்தம் செய்வது. கழற்றி மாட்டும் பல் செட்.

செட்டுக்கு நாலைந்து முறை பெங்களூர் போக வேண்டியிருந்தது. அளவு எடுத்தார்கள். கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். கடைசியில் மாட்டிவிட்டார்கள். தனியார் மருத்துவமனை சொன்ன தொகையில் சிறு பங்குதான் செலவு ஆனது.

முதல் வாரம் செல்லம்மா செட்டைத் தூக்கி எறியப் பார்த்தார். ஈறு உரசியது. பேசினால் நாக்கு தடுமாறியது. திரும்பப் போய்க் காட்டினார். உரசும் இடத்தை ராவிக் கொடுத்தார்கள். முதலில் இட்லி, பிறகு சோறு, பிறகு காய் என்று பழகினார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வேகவைத்த வேர்க்கடலையை மென்று தின்றார்.

புகையிலையை விடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இரண்டு முறை விட்டு, இரண்டு முறை திரும்பப் போட்டார். மூன்றாவது முறை சுருக்குப் பையையே அடுப்பில் போட்டார். கை பரபரக்கும்போது சோம்பு மென்றார்.

ஆறு மாதம் ஆனது. சர்க்கரைப் பரிசோதனையில் 7.4 வந்தது.

“இப்போ இம்பிளான்ட் வைக்கலாம்மா. எலும்பும் போதும்” என்றார் டாக்டரம்மா.

விமலாவுக்கு மகிழ்ச்சி. “சங்கிலி இருக்கும்மா. வெச்சிக்கலாம்” என்றாள்.

செல்லம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைக் கேட்டார். “என் மிச்சப் பல்லு எப்படி இருக்கு?”

“29 பல் இருக்கு. அதில் நாலு பல்லில் சொத்தை தொடங்கியிருக்கு. ஈறும் இன்னும் முழுசா ஆறலை.”

“அப்போ மொதல்ல அந்த நாலையும் அடைச்சுடுங்க. ஈறைப் பாத்துக் குடுங்க. செட்டு எனக்கு இப்போதைக்குப் போதும். கையில காசு சேர்ந்தா அப்புறம் திருகைப் பத்திப் பேசிக்கலாம்.”

விமலாவுக்கு முகம் வாடியது. “உனக்காகத்தானேம்மா சொல்றேன்” என்றாள்.

“தெரியும்டி. பல்லு என்னுது. வட்டி கட்டப் போறது நீ. ரெண்டையும் நான்தானே யோசிக்கணும்?” என்றார் செல்லம்மா.

டாக்டரம்மா சிரித்தார். “இம்பிளான்ட் நல்ல சிகிச்சைதான். அதைப் பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்குது. வசதி இருக்கிறவங்க தாராளமா வைக்கலாம். ஆனால் மிச்சப் பல்லை விட்டுட்டு, போன பல்லுக்கு மட்டும் செலவு செய்றது சரியில்லை. அம்மா சொல்றது சரி.”

8. வைத்த பிறகு கவனிப்பு

‘ஆயுள் முழுவதும் கவலை இல்லை’ என்று விளம்பரம் சொன்னது. அது உண்மை இல்லை. எந்தப் பல்லுக்கும் கவனிப்பு வேண்டும்.

இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு: டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறில் சீழ் பிடிக்கலாம். எலும்பு கரையலாம். பெரும்பாலும் வலி இருக்காது. திருகு ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். அதனால் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். பல் இடுக்கைச் சிறிய பிரஷ் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். ஈறில் இரத்தம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

பல் செட் போட்டவர்களுக்கு: சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும். தினமும் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவினால் கை தவறி விழுந்தாலும் உடையாது. கொதிக்கும் தண்ணீரில் போடக் கூடாது. வடிவம் மாறிவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். செட் தளர்ந்தால் கடைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா?
2. எனக்கு வேறு என்ன வழிகள் உண்டு?
3. சொல்லும் தொகையில் திருகு, இணைப்புத் துண்டு, மேல் பல், ஸ்கேன் எல்லாம் சேர்ந்ததா?
4. மொத்தம் எத்தனை மாதம் ஆகும்? எத்தனை முறை வர வேண்டும்?
5. திருகு நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? மறுபடி பணம் கட்ட வேண்டுமா?
6. வைக்கப் போகிறவர் பட்டம் பெற்ற பல் மருத்துவரா? அவருடைய பதிவு எண் என்ன?

திருகின் கம்பெனிப் பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் பழுது பார்க்க அது வேண்டும். ரசீது கேளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போகும்போது ரேஷன் கார்டை எடுத்துப் போங்கள். கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. செல்லம்மா ஏன் களியும் கஞ்சியும் மட்டும் சாப்பிட்டார்?
2. 15 வயதுப் பையனுக்கு ஏன் இம்பிளான்ட் வைக்கவில்லை?
3. செல்லம்மாவுக்குப் பிரிட்ஜ் ஏன் சரிவரவில்லை?
4. எலும்பு திருகைப் பிடிக்க எத்தனை மாதம் ஆகும்?
5. விழுந்த பல்லை எதில் போட்டு எடுத்துப் போக வேண்டும்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. திருகு ............ என்னும் உலோகத்தால் ஆனது.
2. பல் செட்டை இரவில் ............ போட்டு வைக்க வேண்டும்.
3. இரண்டு வாரத்தில் ஆறாத ............ வாயில் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

இ. கணக்குப் போடுங்கள்

1. பெரியவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். வெட்டுப் பற்கள் 8. கோரைப் பற்கள் 4. முன்கடைவாய்ப் பற்கள் 8. மீதி கடைவாய்ப் பற்கள். அவை எத்தனை?
2. விமலா 78,500 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தால் மாத வட்டி 1,570 ரூபாய். ஓர் ஆண்டுக்கு வட்டி எவ்வளவு?

ஈ. கலந்து பேசுங்கள்

1. செல்லம்மாவின் முடிவு சரியா? விமலா சொன்னதில் நியாயம் உண்டா?
2. உங்கள் வீட்டில் யாருக்குப் பல் இல்லை? அவர்கள் எதைச் சாப்பிடாமல் விட்டுவிட்டார்கள்? இன்றே கேட்டுப் பாருங்கள்.